சீனக்குடாவா, திருகோணமலையா? இரவுக் கோச்சியும் இரண்டு ஸ்டேசன்களும்

கொழும்புக் கோட்டையிலிருந்து திருகோணமலைக்கு இரவுக் கோச்சியில் வரப்போகிறவர்கள் எல்லாரும் கேட்பது, எத்தனை மணிக்கு விடும், எத்தனை மணிக்குச் சேரும் என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: எங்கே இறங்குவது? பாதையின் கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாய் இரண்டு ஸ்டேசன்கள் வருகின்றன. முதலில் சீனக்குடா, பிறகு திருகோணமலை. முதலாவது வேலைத்தலங்களின் நடுவே இருக்கிறது. இரண்டாவது நகரத்தின் வடக்கு ஓரத்தில், கடலுக்குக் கிட்ட இருக்கிறது. பஸ் நிலையம், மணிக்கூட்டுக் கோபுரம், மீன் சந்தை, பத்திரகாளி அம்மன் கோயில் என்று புதிதாய் வருகிறவர் 'டவுன்' என்று நினைக்கும் எதுவும் இரண்டு ஸ்டேசன் வாசலிலும் இல்லை. இது தெரியாமல் இறங்கினால் விடிய முன்னம் ஓட்டோக்காரரோடு பேரம் பேச வேண்டிவரும்.

ஸ்டேசன்கள் ஏன் இப்படி ஒதுங்கி இருக்கின்றன என்பதற்குப் பாதை போட்ட காலத்துக்குப் போக வேண்டும். இலங்கையின் முதல் ரயில் 1864 இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. கண்டி மலையின் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதுதான் அந்தப் பாதையின் நோக்கம். 1905 இல் யாழ்ப்பாணமும் கொழும்போடு இணைந்துவிட்டது. 1914 இல் தலைமன்னார். திருகோணமலைக்குக் கோச்சி வந்து சேர்ந்தது 1927 இல். மட்டக்களப்புக்கு அதற்கடுத்த ஆண்டு. உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு இவ்வளவு பிந்தியதற்குக் காரணம் எளிது: துறைமுகத்துக்குப் பின்னால் ஏற்றிச் செல்லத் தோட்டச் சரக்கு இல்லை. காடும் குளமும் வயலும்தான். வடக்குப் பாதையை மாகோவில் விட்டுப் பிரியும் கிழக்குப் பாதை, ஹபரணை தாண்டிக் கல்ஓயாவில் இரண்டாகிறது. ஒரு கிளை பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு, மற்றது கந்தளாய், தம்பலகாமம் வழியாகத் திருகோணமலைக்கு. இந்தக் கடைசிக் கிளை மட்டும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இடையில் பெரிய ஊர் என்று சொல்ல இருப்பது கந்தளாய் ஒன்றுதான்.

பாதை போட்ட அதே 1920களில் பிரிட்டிஷ் கடற்படை சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டத் தொடங்கியிருந்தது. 1930களிலும் அந்த வேலை நடந்தது. இன்று எஞ்சியிருப்பவை 99 தாங்கிகள். மேல் தொகுதியில் 85, கீழ்த் தொகுதியில் 14. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும். பாதை யாருக்காக வந்தது என்பதை விளங்கிக்கொள்ள வேறு ஆவணம் தேவையில்லை. துறைமுகமும் கடற்படையும்தான் இங்கே முதல் வாடிக்கையாளர்கள். ஊர்ச் சனம் அதே வண்டியில் ஓர் ஓரத்தில் இடம் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் இந்தச் சேவையில் எரிச்சலூட்டுகிற பலதுக்கும் மூலகாரணம் அதுதான்.

இனி வண்டியைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து மாறாமல் நேரே திருகோணமலை வருவதற்கு இரவுத் தபால் கோச்சிதான் வழி. முன்னிரவில் புறப்பட்டு விடியற்புறத்தில் வந்து சேரும். திரும்பிப் போவதும் அப்படியே, இரவில் ஏறி விடியக் கோட்டையில் இறங்கலாம். எட்டு மணித்தியாலம் என்று கணக்கு வைத்து, மேலே ஒரு மணித்தியாலத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது. 49 ஆம் இலக்க பஸ் குருணாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக ஆறு, ஏழு மணித்தியாலத்தில் ஓடிவிடும். ஆகவே வேகத்துக்காக யாரும் கோச்சியில் ஏறத் தேவையில்லை. கால் நீட்டலாம், எழுந்து நடக்கலாம், மலசலகூடம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வரலாம். அதற்காகத்தான் ஏற வேண்டும். முதுகு வலிக்காரருக்கும் நீரிழிவுக்காரருக்கும் பஸ்ஸைவிட இது எவ்வளவோ மேல்.

முதலாம் வகுப்பில் படுக்கை அறைகள் உண்டு. ஓர் அறைக்கு மேலும் கீழுமாய் இரண்டு படுக்கை. எண்ணிக்கை சொற்பம் என்பதால் கடைசி நேரத்தில் கிடைக்கும் என்று நம்பி இருக்கக்கூடாது. இரண்டாம் வகுப்பில் சாய்ந்து கிடக்கும் ஆசனம். பணத்துக்கும் தூக்கத்துக்கும் நடுவில் நியாயமான தெரிவு அதுதான். மூன்றாம் வகுப்பு மலிவு, ஆனால் விடுமுறைக் காலத்தில் நெரிசல் இரவு முழுக்க இருக்கும். இரண்டாம் வகுப்பில் பதியும்போது பெட்டியின் நடுப்பகுதி ஆசனமாகப் பாருங்கள். பெட்டியின் இரண்டு நுனியிலும் கதவு அடிபடும், மலசலகூட வாடை வரும், ஒவ்வொரு ஸ்டேசனிலும் ஏறி இறங்குகிறவர் தோளில் இடிப்பார். சில்லுகளுக்கு நேர் மேலே இருப்பதால் குலுக்கமும் நுனியில்தான் கூட.

முற்பதிவு 30 நாளுக்கு முன்பே திறக்கிறது. புகையிரதத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் பெரிய ஸ்டேசன் கவுண்டர்களிலும் பதியலாம். பதியும்போது அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம் கொடுக்க வேண்டும். பரிசோதகர் வரும்போது அதே ஆவணம் கையில் இருக்க வேண்டும். மற்றவர் பெயரில் எடுத்த டிக்கட்டில் போய்ச் சமாளிக்கலாம் என்ற காலம் போய்விட்டது. சித்திரைப் புத்தாண்டு, பாடசாலை விடுமுறை, கிழக்குக் கடல் அமைதியாய்க் கிடக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான வெள்ளி, ஞாயிறு இரவுகள், இவற்றுக்குப் பதிவு திறக்கும் நாளிலேயே எடுத்துவிட வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் வார நாளில் வருகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. ஆனால் மழைக்கு வேறு பிரச்சினை இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஏறுங்கள். முன்னிரவில் வடை, கடலை விற்கிறவர்கள் பெட்டிக்குள் வருவார்கள். மாகோவுக்குப் பிறகு அதை நம்ப முடியாது. தண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றர் போதும். மார்கழி, தையில் ஹபரணைக் காட்டுக்குள் விடியற்காலைக் குளிர் ஜன்னல் இடுக்கால் இறங்கும், ஒரு போர்வை இல்லாவிட்டால் நித்திரை இல்லை. திருகோணமலை வெக்கையை நினைத்து மெல்லிய சட்டையோடு வருகிறவர்கள் ஏமாறுவது இதில்தான்.

எந்தப் பக்கம் இருப்பது? கொழும்பிலிருந்து வரும்போது வலது பக்கம். தம்பலகாமம் தாண்டியதும் வயல் விட்டு நீர் வெளிக்கும். ஒரு காலத்தில் கண்ணாடி போல மெலிந்த ஓடுள்ள தட்டைச் சிப்பிக்குப் பேர்போன தம்பலகாமக் குடா அந்தப் பக்கம்தான் கிடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வண்டி நேரத்துக்கு வந்தால் அப்போது இருட்டாகவே இருக்கும். பிந்தினால்தான் குடா தெரியும். இந்தப் பாதையில் தாமதத்தால் கிடைக்கும் ஒரே நன்மை அது.

ஏன் பிந்துகிறது என்பதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் கோபம் பாதி குறையும். முதல் காரணம் ஒற்றைப் பாதை. எதிர்வண்டியை விலக்க, ஸ்டேசனில் உள்ள துணைப் பாதைக்குள் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அடுத்த ஸ்டேசன்வரை பாதை காலியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி, இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலமாகவே ஒரு சின்ன உலோகத் தட்டு. பெரிய வளையத்தில் தொங்கும் பைக்குள் அதைப் போட்டு ட்ரைவர் கையில் கொடுப்பார்கள். இரண்டு ஸ்டேசனிலும் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பூட்டுண்டவை. ஒரு தட்டு வெளியே இருக்கும்போது இன்னொன்று வெளியே வராது. ஆகவே இரண்டு வண்டி நேருக்கு நேர் வர இடமில்லை. பாதுகாப்பான முறை, ஆனால் மெதுவான முறை. ஒரு வண்டி 20 நிமிடம் பிந்தினால் அதற்காகக் காத்திருக்கும் மற்ற வண்டியும் பிந்தும். அந்தப் பிந்தல் பாதை நெடுகப் பரவும். நடுச்சாமத்தில் பெயர் தெரியாத ஸ்டேசனில் சும்மா நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தது யானை. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பாதை காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. பல இடங்களில் தண்டவாளம் உயர்ந்த அணையின் மேலோ, வெட்டிய பள்ளத்துக்குள்ளோ இருக்கிறது. பாதையில் ஏறிவிட்ட யானை, வண்டி வரும்போது பக்கவாட்டில் இறங்க வழியில்லாமல் தண்டவாளத்தோடேயே ஓடும். முன் விளக்கில் தெரிகிற தூரத்துக்குள் பல நூறு தொன் எடையுள்ள வண்டியை நிறுத்தவும் முடியாது. வளைவென்றால் அந்தத் தூரமும் இல்லை. 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பக்கம் எண்ணெய் வண்டியொன்று யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் மட்டக்களப்பிலிருந்து வந்த இரவு வண்டி மோதி 6 யானைகள் இறந்தன. அதன் பின் மட்டக்களப்புப் பாதையில் சில வண்டிகளின் நேரத்தையே மாற்றினார்கள். யானை நடமாடும் துண்டுகளில் வேகக் கட்டுப்பாடு உண்டு. இரவில் வண்டி ஊர்ந்தால் எஞ்சின் பழுது என்று நினைக்க வேண்டாம். பழைய நேர அட்டவணைப் படத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு வாதாடவும் வேண்டாம். புறப்பட முதல்நாள் புகையிரதத் திணைக்களத்தின் 1971 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து நேரத்தை உறுதிப்படுத்துவதே சரி.

மூன்றாவது, வடகீழ்ப் பருவமழை. தம்பலகாமத்தில் பாதை வயலுக்கு நடுவே மண் அணையில் போகிறது. வெள்ளம் அணையை முட்டினால் முதலில் கழுவுண்டு போவது தண்டவாளத்துக்குக் கீழே உள்ள சல்லிக்கல். சல்லி போனால் கட்டைகள் அந்தரத்தில் தொங்கும். வெளியில் இருந்து பார்த்தால் தண்டவாளம் நேராகத்தான் தெரியும், ஆனால் எஞ்சினின் பாரம் ஏறியதும் அமிழ்ந்துவிடும். அதனால்தான் மழை விட்டு வெயில் எறித்த பிறகும் ஓரிரு நாளுக்கு வண்டி விடமாட்டார்கள். ஆள் நடந்து பார்த்து, சல்லி கொட்டி, இறுக்கி, முதலில் வெறும் எஞ்சினை விட்டுப் பார்ப்பார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் நாடெங்கும் ரயில் பாதைகளைச் சிதைத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கார்த்திகையிலும் மார்கழியிலும் கலியாணம், பரீட்சை, விமானம் என்று தவற விடக்கூடாத காரியத்துக்குப் போகிறவர் ஒரு நாள் முந்திப் போங்கள், இல்லாவிட்டால் பஸ்ஸில் போங்கள்.

சரி, எங்கே இறங்குவது?

கிண்ணியா, மூதூர் பக்கம் போகிறவருக்குச் சீனக்குடாதான். 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்த வழி ஒரே ஓட்டம். நகருக்குள் போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல். விமானப்படைத் தளம், மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, மார்பிள் கடற்கரை என்று போகிறவர்களும் இங்கேயே இறங்கலாம். ஆனால் ஒன்று: கூட்டிப் போக யாரையாவது முன்னமே ஒழுங்குபண்ணி வைத்திருக்க வேண்டும். இருட்டோடு இறங்கினால் ஸ்டேசன் வாசலில் ஓட்டோ வரிசை எதிர்பார்க்க முடியாது. தேத்தண்ணிக் கடை திறந்திருக்குமா என்பதும் அதிர்ஷ்டம்தான்.

மற்ற ஊர்களில் ஸ்டேசன் வந்தால் முதலில் ஒரு தேத்தண்ணிக் கடை, பிறகு சைக்கிள் விடும் கொட்டில், பிறகு லொட்ஜ், பிறகு வீடுகள் என்று ஒன்றன்மேல் ஒன்றாய் வளரும். சீனக்குடாவில் முதலில் வளர்ந்தது வேலி. எண்ணெய்த் தாங்கித் தொகுதிக்கு ஒரு வேலி, விமானத் தளத்துக்கு ஒரு வேலி. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கேயிருந்து ஒல்லாந்துப் படைப்பிரிவின் கட்டலினா நீர்விமானங்கள் இந்து சமுத்திரத்தைக் கண்காணித்துப் பறந்தன. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது தாங்கியொன்றும் எரிந்து அழிந்தது. 1957 இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இலங்கையிடம் கைமாறியது. முதல் வாடிக்கையாளர் போன பிறகு இந்த ஸ்டேசனின் கதை அதோடு முடிந்திருக்கலாம். முடியாமல் காத்தது கோதுமை. 1980 இல் பிறிமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. கப்பலில் வரும் கோதுமை ஆலையின் சொந்த இறங்குதுறையில் இறங்கி, மாவாகி, லொறியிலும் சரக்கு வண்டியிலும் நாடெங்கும் போகிறது. அதே 80களில் சீமெந்துத் தொழிற்சாலையும் வந்தது. அவற்றுக்கும் வேலிதான். வீடுகளும் கடைகளும் அந்த வேலிகளுக்கு வெளியே, கண்டி வீதியோடும் கிண்ணியா வீதியோடும் நீண்டன, ஸ்டேசனைச் சுற்றி அல்ல. இதனால்தான் ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு வந்து போகும் இடத்தின் ஸ்டேசனில் பயணிக்கு ஒரு நல்ல இருக்கை தேட வேண்டியிருக்கிறது. தாங்கிகளில் 14 ஐ இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 ஐப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 ஐ இரண்டும் சேர்ந்த கம்பனிக்கும் என்று 2022 ஜனவரியில் பிரித்தார்கள். அவை முழுதாய் வேலைக்கு வந்தால் சீனக்குடா முற்றத்தில் இன்னும் சரக்குப் பெட்டிகள் சேரலாம். பயணிக்கு அதனால் என்ன கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

நகரம், உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி போகிறவர்கள் கடைசிவரை இருந்து திருகோணமலையில் இறங்க வேண்டும். இந்த ஸ்டேசன் பழைய நகரத்தின் முதுகுப்புறத்தில் இருக்கிறது. கோட்டை, கோணேசர் கோயில், சந்தை எல்லாம் தெற்கே, டச்சுக்குடாப் பக்கம் தலைமுறை தலைமுறையாய் நிலைகொண்டுவிட்ட பிறகு வந்த பாதை இது. மேற்கிலிருந்து வந்து, வெறுமையாய்க் கிடந்த வடக்கு ஓரத்தில் தண்டவாளம் முடிந்தது. 1927 இல் அது ஒதுக்குப்புறம். 2009 இல் உள்நாட்டு யுத்தம் முடிந்த பிறகு கணக்குத் தலைகீழாகிவிட்டது. ஹோட்டல்கள் பெருகியது வடக்கே, நிலாவெளி வீதியில். இன்றைக்கு உல்லாசப் பயணிக்கு ஸ்டேசன் சரியான பக்கத்தில்தான் இருக்கிறது. நகர நெரிசலுக்குள் நுழையாமலே நேரே உப்புவெளி போய்விடலாம், ஐந்து கிலோமீட்டருக்குள்தான். நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீட்டர். ஓட்டோ வாசலிலேயே நிற்கும், ஏற முன்னம் காசு பேசிவிடுங்கள், முடிந்தால் ஹோட்டலிடம் நியாயமான தொகையை முதல்நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிலையத்துக்குப் போகிறவர் ஒரு பையோடு என்றால் பதினைந்து, இருபது நிமிடத்தில் நடந்துவிடலாம். விடிய வந்து இறங்கி அறை கிடைக்கும்வரை எங்கே இருப்பது என்று யோசிப்பவருக்கு, பின்குடாக் கடற்கரை நடை தூரத்தில்தான் இருக்கிறது. சூரியன் கடலுக்குள்ளிருந்து கிளம்புவதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

பகலில் வர விரும்புகிறவர் மட்டக்களப்பு வண்டியில் ஏறிக் கல்ஓயாவில் மாற வேண்டும். இதில் இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, பெயர். இந்தக் கல்ஓயா ஹபரணைக்கு அடுத்த சந்தி. அம்பாறையில் உள்ள கல்ஓயாத் திட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வரைபடத்தில் தேடுகிறவர்கள் அடிக்கடி தவறான கல்ஓயாவைத் தொட்டுவிட்டு, தூரத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். மற்றது, இணைப்பு வண்டி. முதல் வண்டி பிந்தினால் இணைப்பு நிற்குமா என்பதைக் கோட்டையில் கேட்பதைவிட, ஓடும் வண்டியின் கார்டிடம் ஹபரணை வருமுன் கேளுங்கள். அவர் சந்தியோடு பேசிச் சொல்லக்கூடியவர். இணைப்பு இல்லை என்று தெரிந்தால் கல்ஓயாவரை போகாமல் ஹபரணையிலேயே இறங்கி, கண்டி, கொழும்பு வழி வரும் திருகோணமலை பஸ்ஸைப் பிடிப்பது புத்தி. காட்டுச் சந்தியில் பொழுதுபட மாட்டிக்கொள்வது நல்லதல்ல.

மோட்டார் சைக்கிளைப் பொதியாக ஏற்றுகிறவர்களுக்குக் கோச்சி உண்மையாகவே உதவி. பெற்றோலை முழுதாய் வடித்திருக்க வேண்டும், வாகனப் பதிவுப் புத்தகப் பிரதியும் அடையாள அட்டையும் வேண்டும், புறப்படும் நேரத்துக்குக் குறைந்தது இரண்டு மணித்தியாலம் முன்னே பொதிக் கவுண்டருக்குப் போக வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றிக் கையில் வைத்திருங்கள், ஹாண்டில் நுனிகளுக்கும் சைலன்சருக்கும் பழைய சாக்கு சுற்றுங்கள். பெட்டிக்குள் சாய்த்து அடுக்கும்போது முதலில் அடிபடுவது இவைதான். நீங்கள் போகும் அதே வண்டியில் அதுவும் வரும் என்று உறுதியாக நினைக்க வேண்டாம், இடமில்லாவிட்டால் அடுத்த நாளுக்குத் தள்ளுவார்கள்.

கடைசியாக, வரும் வழியில் சீனக்குடாவுக்குச் சற்று முன் வண்டி நின்று, தூரத்தில் மா ஆலையின் வெளிச்சம் தெரிந்தால், திருகோணமலை வந்துவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். முற்றத்தில் சரக்குப் பெட்டி கோக்கிறார்கள் என்றால் பாதை கிடைக்கச் சற்று நேரம் எடுக்கும். கீழே மேடை இல்லை, சல்லிக்கல்தான். மேடையும் பெயர்ப்பலகையும் கண்ணில் பட்ட பிறகு எழுந்தால் போதும்.